பாலைவனத்துக் குறிப்பும் பீடோங் வீட்டுக் கொல்லையும்

தைப்பூசக் காவடிகள் இறங்கும் நேரத்தில், மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பட்டணத்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகளில், அதாவது ரப்பர் தோட்டங்களில், இலை உதிரத் தொடங்கிவிடும். இலை பழுத்துச் சிவந்து, மரம் மொட்டையாகி, பால் குறைந்து, பிறகு செம்புநிறத் தளிர் விடும் அந்தச் சில வாரங்களை வைத்தே எங்கள் தோட்டப்புறப் பெரியவர்கள் வறட்சியைக் கணக்கிட்டார்கள். வெட்டுக்காட்டில் காலடியில் சருகு நொறுங்கும் ஓசை கேட்டால், வீட்டுக் கொல்லையில் கத்தரிக்கும் வெண்டைக்கும் இரண்டு வேளை தண்ணீர் வேண்டும் என்று பொருள். இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி எண்ணெய் தரும் செம்பனையாகவும் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. ஆனால் ஜெராய் மலை புழுதியில் மங்கலாகத் தெரியும் அந்த வறட்சி மாறவில்லை. அதோடு சேர்ந்து கொல்லைக்கு வரும் பூச்சிகளும் மாறவில்லை.

கடந்த வறட்சியின்போது அடுத்த வீட்டு அக்கா கைப்பேசியை எடுத்துவந்து ஒரு காணொளியைக் காட்டினார். வளைகுடா நாட்டில் வீட்டின் பின்புறம் காய்கறி வளர்க்கும் தமிழர் ஒருவர், சுடுமணலில் செடியைக் காப்பாற்றும் வழிகளைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். வேரடியில் சருகோ வைக்கோலோ கொண்டு தடிமனாக மூடாக்குப் போடுங்கள், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்குங்கள், செடி வாடினால் வேர் ஆழம்வரை நனையும்படி நீர் விடுங்கள், மண்ணில் கந்தகம் கலந்துவிடுங்கள் என்பவை அவருடைய அறிவுரைகள். "தம்பி, இவர் சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். கத்தரி மூணு செடி செத்துப் போச்சு, மிளகாய் சுருண்டுகிட்டே வருது," என்றார் அக்கா. அந்த மனிதர் சொன்னவற்றில் தவறு ஒன்றும் இல்லை. அவருடைய மண்ணுக்கும் வெயிலுக்கும் அவை சரியான அறிவுரைகள். ஓர் அறிவுரை பிறந்த காரணத்தை விட்டுவிட்டு அதன் செய்முறையை மட்டும் நம் கொல்லைக்குக் கொண்டுவருவதுதான் செடியைக் கொல்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவது.

முதலில் பருவம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் தோட்டக்காரரின் ஆண்டை வெப்பம் ஆள்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலிருந்து தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. அங்கே ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. துபாயில் அதிலும் பாதியளவுதான். ஆகவே குளிர்நாட்டார் பனிக்காலத்தில் தோட்டத்தை மூடிவைப்பதுபோல, பாலைவனத்தார் கோடையில் மூடிவைக்கிறார்கள். வளைகுடாவில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து ஏப்ரலுக்குள் அறுவடையை முடித்துக்கொள்வார்கள். பீனிக்ஸில் தக்காளி நாற்றை பிப்ரவரி, மார்ச்சில் நடுவார்கள். பூச்சிகளும் அந்த வெப்பப் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகின்றன. இதமான இளவேனிலில் அசுவினி மொய்க்கும். மே, ஜூன் மாதங்களின் வறண்ட வெப்பத்தில் சிலந்திப்பேன் பெருகும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையிலான அரிசோனாவின் மழைப்பருவத்தில், வேர் துளைக்கும் பெரிய வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவரும்.

நமக்கு வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பதிவான 40.1 பாகை செல்சியஸ்தான் இந்நாட்டின் உச்ச வெப்பம்; வறட்சியைக் கொண்டுவரும் எல் நினோ ஆண்டில் வந்த அந்த உச்சத்தைப் பீனிக்ஸ் மக்கள் சாதாரணக் கோடை நாளாகவே எண்ணுவார்கள். இங்கே ஆண்டை ஆள்வது மழை. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரெங்கானுவிலும் கொட்டித் தீர்க்கும் காலத்தில், தித்திவாங்சா மலைத்தொடரின் மறுபக்கத்தில் இருக்கும் வடகெடாவும் பெர்லிஸும் ஜனவரி முதல் மார்ச் வரை காய்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேர இடிமழை வரும். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தைத் தொடும். ஒரு பூச்சியின் பெருக்கத்தை நாம் அறிய வேண்டுமானால் எந்த மாதம் என்று கேட்பதைவிட, கடைசியாக நல்ல மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பதே பயன்தரும். மூன்று வாரம் மழையில்லாத கொல்லை, பெயரளவில் வெப்பமண்டலமாக இருந்தாலும், பூச்சிகளின் பார்வையில் ஒரு சிறிய பாலைவனம்தான். அந்த வாரங்களில் மட்டும் பாலைவனத்தாரின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

அக்காவின் கொல்லையில் எஞ்சியிருந்த கத்தரிச் செடி ஒன்றில் இலைகள் மேற்புறத்தில் வெளிறிப்போய், ஊசியால் குத்தியதுபோன்ற மஞ்சள் புள்ளிகளோடு இருந்தன. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் காம்பை இரண்டு முறை தட்டினோம். தாளில் தூசிபோல விழுந்தவற்றுள் சில அப்படியே கிடந்தன. சில மெல்ல நகர்ந்தன. அக்கா அவற்றின்மேல் விரலை அழுத்தி இழுத்தபோது தாளில் செம்பழுப்புக் கோடு விழுந்தது. அதுதான் சிலந்திப்பேன். எட்டுக் கால் கொண்ட அது பூச்சியினமே அல்ல. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை பின்னி, அதற்குள் இருந்துகொண்டு ஒவ்வோர் உயிரணுவாகக் குத்திச் சாற்றை உறிஞ்சும். முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிடும் பருவத்தை எட்ட 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அவற்றிலிருந்து ஆண்கள் பிறக்கும். ஒரே ஒரு பெண் காற்றில் மிதந்துவந்து இலையில் ஒட்டினாலும் ஒரு குடும்பம் உருவாகிவிடும் என்பது இதனால்தான்.

மழைக்காலத்தில் இது ஏன் தொல்லை தருவதில்லை என்பதில்தான் தீர்வு இருக்கிறது. மழைத்துளி அதை அடித்துக் கழுவுகிறது; காற்றில் ஈரம் ஏறும்போது அதைத் தாக்கும் பூஞ்சைநோய் பரவுகிறது; அதைத் தின்று வாழும் வேறு பேனினங்களும் பொறிவண்டுகளும் பெருகுகின்றன. வறட்சியில் இம்மூன்றும் குறைந்துவிடுகின்றன. அதோடு எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையை ஒட்டிய வீடுகளில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கிளப்பும் புழுதி இலைமேல் படிந்துவிடுகிறது. புழுதி படிந்த இலையில் இயற்கை எதிரிகள் தடையின்றி நடமாடி வேட்டையாட முடிவதில்லை. சிலந்திப்பேனோ அடிப்புறத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. பாலைவனத்தில் மண் சாலையோரத் தோட்டங்களில் இதே நிலையைக் காணலாம். எனவே அங்குள்ளவர்கள் செய்வதையே இங்கும் செய்யலாம்: மூன்று நாளுக்கு ஒருமுறை, காலை வெயில் ஏறுமுன், குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்புறத்தில் படும்படி நீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்ச வேண்டும். மேலேயிருந்து ஊற்றும் நீர் பயன் தராது. தாக்குதல் முற்றியிருந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும், அது நீரில் கரைய சில துளி சவர்க்காரக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடிப்புறத்தில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகிவிடும்.

கடையில் கிடைக்கும் பொதுவான பூச்சிக்கொல்லியை அடித்தால் சிலந்திப்பேன் கூடுகிறதே தவிர குறைவதில்லை என்று பலர் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கண்டது உண்மை. பைரித்ராய்டு வகை மருந்துகளும் கார்பாரிலும் சிலந்திப்பேனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதைத் தின்னும் எதிரிகளை முதலில் கொன்றுவிடுகின்றன.

மிளகாய்ச் சுருட்டைக்கும் ஈரத்தைக் கொண்டே விடை காணலாம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆனால் அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு நீண்டால் அது கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் முரணைச் சிலந்தியின் வேலை. முன்னது வறட்சியில் பெருகுவது. பின்னது ஈரப்புழுக்கத்தை விரும்புவது. பெயரில் சிலந்தி இருந்தாலும் கத்தரியைத் தாக்கிய சிலந்திப்பேனுக்கு நேர்மாறான குணம் கொண்டது. அக்காவின் மிளகாய் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. ஆகவே அது வறட்சியின் நோய். நீர் பீய்ச்சுவதும் வேப்பெண்ணெயும் அதற்கும் பொருந்தும். இலைகள் கவிழ்ந்திருந்தால் நீர் பீய்ச்சுவதில் பலனிருக்காது; நுனித்தளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, செடிகளுக்கிடையே காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

செத்துப்போன மூன்று கத்தரிச் செடிகளின் கதை வேறு. அவை பகலில் வாடி, இரவில் சற்றே தேறி, மூன்றாம் நாள் இலை பச்சையாக இருக்கும்போதே தலைசாய்ந்தன. வாடிய செடிக்கு ஆழமாக நீர் விடு என்ற பாலைவன விதிப்படி அக்கா குடம் குடமாக ஊற்றினார். பாலைவனத்தில் செடி வாடினால் பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறைதான் காரணமாக இருக்கும். மேலும், அங்கே ஆழமாக நீர் விடுவதற்கு மற்றொரு நோக்கமும் உண்டு: பாசன நீர் ஆவியாகி விட்டுச்செல்லும் உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ளுவது. நம் ஊரில் உப்புச் சேர்வதில்லை. மழை எல்லாவற்றையும் அடித்துப் போய்விடுகிறது. இங்கே கத்தரியும் தக்காளியும் மிளகாயும் பச்சையாக வாடினால் முதலில் ஐயப்பட வேண்டியது மண்ணில் வாழும் வாடல்நோய்ப் பாக்டீரியாவைத்தான். வெப்பமும் ஈரமும் கூடிய மண் அதற்கு மிகவும் உகந்தது. ஊற்றிய நீர் அதை அடுத்த செடியின் வேருக்கு எடுத்துச் செல்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தரையை ஒட்டிய தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் நுனி மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். அக்காவின் சமையலறை மேசையில் அப்படிப் பிடித்தபோது, சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் கலந்த புகைபோன்ற இழை ஒன்று இறங்கிக் குவளையின் அடியை நோக்கி வளைந்தது. அத்தனையும் பாக்டீரியா. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கத்தரி இனத்தை நடாமல் கீரை, வெண்டை, பயற்றங்காய் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கத்தரியே வேண்டும் என்பவர்களுக்கு நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. வேலியோரத்தில் தானாக முளைக்கும் சுண்டைக்காய்ச் செடி இந்த வாடலைத் தாங்கி நிற்கும் குணம் உடையது. அதன் தண்டின்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டினால், நோயுள்ள மண்ணிலும் செடி பிழைக்கும். பால்மரத்தில் ஒட்டுக் கட்டிப் பழகிய கைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் இளைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் அறிவுரையை நான் ஒரே வரியில் மறுக்கிறேன்: இந்நாட்டில் அது வேண்டாம். பாலைவனத்து வெயிலில் தட்டு நீர் விரைவில் ஆவியாகிவிடும். இங்கே அது வாரக்கணக்கில் நிற்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாட்களே போதும். காய்ந்த தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே வறட்சியில் வைத்த தட்டைப் பிறகு கவிழ்த்துவிடலாம் என்று எண்ணுவதும் சரியாகாது. கவிழ்க்குமுன் ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு அதிகம் நடப்பது அங்கேதான். பாலைவன மண் காரத்தன்மை உடையது. அரிசோனாவில் தோண்டினால் சுண்ணாம்பு இறுகிப் பாறைபோலாகிவிட்ட அடுக்கு பல இடங்களில் தட்டுப்படும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாததால், புதிய தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். அதைச் சரிசெய்யக் கந்தகம் இட்டு மண்ணைப் புளிக்கவைக்கிறார்கள். நம் மண்ணோ பல்லாயிரம் ஆண்டு மழையில் சத்தெல்லாம் கழுவப்பட்டு, ஏற்கெனவே புளித்துக் கிடக்கும் செம்மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அதில் 4க்கும் 5க்கும் இடையில் இருப்பது சாதாரணம். பால்மரமும் செம்பனையும் அந்தப் புளிப்பைத் தாங்கும் என்பதால் தோட்டங்களுக்கு அது பெரிய இடையூறாக இருந்ததில்லை. ஆனால் வெண்டையும் கத்தரியும் 6ஐ ஒட்டிய மண்ணையே விரும்புகின்றன. 5க்குக் கீழே போகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கட்டையாக்கிவிடும். இந்த மண்ணில் மேலும் கந்தகம் இடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். நமக்குத் தேவை சுண்ணாம்பு, அதிலும் மக்னீசியம் கலந்த டோலோமைட் தூள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கிளறி, இரண்டு வாரம் கழித்துத்தான் கோழி எரு போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

மஞ்சள் இலையைப் பார்த்ததும் இரும்புச்சத்து வாங்கப் போவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய தளிரில் மஞ்சள் என்றால்தான் இரும்பு; அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பிடை மஞ்சள் என்றால் மக்னீசியம். செம்பனையில் கீழ்மட்டை ஆரஞ்சு நிறமாக மாறியதைக் கண்டு மக்னீசியம் தரும் கீசரைட் உரம் போட்ட தோட்டத்துத் தொழிலாளர் எவருக்கும் இது புதிய பாடமாக இருக்காது. செம்பனையில் கண்ட அதேதான் சிறிய அளவில் கத்தரியிலும் நடக்கிறது.

மூடாக்கு, வறட்சியில் கட்டாயம் வேண்டும். வெயில் நேரடியாக மண்ணில் பட்டால் மேல்வேர்கள் வெந்துவிடும். ஆனால் காணொளியில் சொன்னபடி அக்கா ஒரு சாண் உயரத்துக்குப் போட்டிருந்தார். அதுவும் அருகிலிருந்த ஆலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த செம்பனை வெற்றுக் குலையை. கம்பியால் கிளறியபோது உள்ளே வெண்மையான, அரைவட்டமாகச் சுருண்ட, தலை மட்டும் பழுப்பாயுள்ள தடித்த புழுக்கள் கிடந்தன. பெரியது கட்டைவிரல் பருமன் இருக்கும். காண்டாமிருக வண்டின் புழு அது. வறண்ட நாட்டில் குவித்த மூடாக்கு காய்ந்தே கிடக்கும். நம் நாட்டில் அதன் உட்புறம் ஈரத்தில் மட்கி, இந்த வண்டுக்கு முட்டையிடும் அறையாகிவிடுகிறது. வளர்ந்த வண்டு பறந்துபோய்த் தென்னையின் விரியாத குருத்தைத் துளைக்கும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் நறுக்குண்டு தெரியும். செம்பனை மறுநடவில் பழைய மரங்களை எரிக்காமல் சாய்த்து மட்கவிடும் முறை வந்தபின், தோட்டங்களே இந்த வண்டோடு போராடிவருகின்றன. அதனால்தான் வெற்றுக் குலையை ஒரே ஓர் அடுக்காகப் பரப்பச் சொல்கிறார்கள். வீட்டுக்கும் அதுவே அளவு. செடியின் தண்டைத் தொடாமல் மூன்று, நான்கு விரற்கடை உயரம் போதும்.

இந்த வண்டின் வரலாறு நம் பிழைப்போடு பின்னியது. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு சமோவாத் தீவுக்குப் போய், அங்கிருந்து பசிபிக் தீவுகளின் தென்னைகளை அது அழித்தது. 1960களில் அதற்கு மாற்றுத் தேடி வந்த ஜெர்மானிய ஆய்வாளர் அலோய்ஸ் ஹூகர், அந்த வண்டைக் கொல்லும் நச்சுயிரியை மலாயா மண்ணில்தான் கண்டுபிடித்தார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டுப் பயன் தந்தது. சிவப்புக் கூன்வண்டு இதற்கு எதிர்ப்புறமாகப் பயணம் செய்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் தென்னைகளில் வாழ்ந்த அது 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளை அடைந்து, பேரீச்சை மரங்களின் முதன்மைப் பகையாகிவிட்டது. பாலைவனம் வறண்டதுதான், ஆனால் பேரீச்சையின் அடியில் நீர் தேக்கிப் பாய்ச்சும் பாத்தி அந்த வண்டுக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுக்கிறது. 2007இல் திரெங்கானுவின் தென்னைகளிலும் அதன் தாக்குதல் கண்டறியப்பட்டது. காண்டாமிருக வண்டு துளைத்த காயத்தின் வழியே கூன்வண்டு நுழைந்து முட்டையிடும் என்பதால், கொல்லையில் ஒரு சாண் உயரத்துக்குப் போட்ட மூடாக்கு, வாசலிலுள்ள தென்னையின் உயிருக்கே வினையாகலாம்.

பூச்சியைக் கண்டதும் மருந்துப் பம்பைத் தூக்கும் பழக்கம் நம்மிடம் எப்படி வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது கண்ணால் கண்ட வழக்கம். நம் தாய்மாரும் அத்தைமாரும் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து, வெறுங்கையோடு நிரையாக நடந்து களைக்கொல்லி அடித்தார்கள். விரல்நகங்கள் கருத்தன, மூக்கில் இரத்தம் வந்தது. பாராகுவாட் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கு மலேசியாவில் முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாளில்தான். அத்தனை ஆண்டுகளாக அடித்த பூச்சிமருந்துகளாவது பூச்சியை ஒழித்தனவா என்றால், அதுவும் இல்லை. 1950களின் இறுதியிலும் 1960களிலும் டி.டி.டி., டீல்டிரின், எண்டிரின் போன்ற நீடித்த நஞ்சுகளைச் செம்பனையில் தெளித்த பின்னர்தான், அதுவரை அடங்கியிருந்த கூடுப்புழு பெருந்தொல்லையாகத் தலைதூக்கியது. அதன்மேல் முட்டையிட்டு அதைக் கொன்றுவந்த சிறு குளவிகளை மருந்து அழித்துவிட்டது; புழுவோ தன் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. சபாவின் கொக்கோத் தோட்டங்களில் இதே நிலையைக் கண்ட பூச்சியியலாளர் கோர்டன் கான்வே 1961இல் தெளிப்பை நிறுத்தச் செய்தபோது, குளவிகள் திரும்பின. பெரும்பாலான பூச்சிகள் தணிந்தன.

இன்று தோட்டச் சாலையோரங்களில் காலையில் மலர்ந்து நண்பகலில் வாடும் வெளிர்மஞ்சள் பூச்செடியையும், கொடிபோல் படரும் இளஞ்சிவப்புப் பூவையும் பலர் அழகுக்கு வைத்ததாக நினைக்கிறார்கள். அவை அந்தக் குளவிகளுக்குத் தேன் தருவதற்காக நடப்பட்டவை. வீட்டு வேலியோரத்தில் அந்த மஞ்சள் பூச்செடியின் ஒரு கிளையை ஒடித்து நட்டாலே வேர் பிடித்துவிடும். கொத்தமல்லியிலும் வெந்தயத்திலும் சிலவற்றைப் பிடுங்காமல் பூக்கவிடுவதும் அதே பயனைத் தரும். மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தியிலும் பப்பாளியிலும் முதலில் கவனிக்க வேண்டியது எறும்பை. தேன்போல் வடியும் கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காத்து, அதைத் தாக்கவரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பின் பாதையை மறித்துவிட்டால் மற்ற வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரலின் முதல் இடிமழைக்குப் பின் நிலைமை முழுவதும் மாறுகிறது. வறட்சியில் செடிகளுக்கு மேலே கட்டிய நிழல்வலையைச் சுருட்ட வேண்டும். மூடாக்கை விலக்கிப் பாதியாகக் குறைக்க வேண்டும். நீர் பீய்ச்சுவதை நிறுத்த வேண்டும். நத்தையும் பூஞ்சையும் பழ ஈயும் வரும் காலம் அது. ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது, அது ஊர்ந்த கீரையை நன்கு கழுவாமல் சமைக்கக்கூடாது. பாகற்பிஞ்சு விரல் அளவு ஆனவுடனேயே பழைய நாளிதழால் பை செய்து கட்டிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அப்போது கூர்ந்து பார்க்க வேண்டியது கறிவேப்பிலையை. சிட்ரஸ் தத்துப்பேன் என்னும், எள்ளளவே இருக்கும் பழுப்புப் பூச்சி, வால்புறத்தைத் தூக்கித் தலையைத் தாழ்த்தித் தளிரின்மேல் சாய்வாக உட்கார்ந்திருக்கும். அது முட்டையிடுவது விரியாத இளந்தளிரில் மட்டுமே. பாலைவனத்தில் எலுமிச்சை ஆண்டுக்குச் சில முறைதான் தளிர்விடும். நம் ஊரில் ஒவ்வொரு மழைக்கும் விடும். கறிவேப்பிலையோ, நாம் தாளிப்பதற்காக நாள்தோறும் ஒடிப்பதால், ஆண்டு முழுவதும் தளிர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் செடிக்குப் பூச்சியால் பெரிய கேடு வருவதில்லை. ஆனால் பக்கத்து எலுமிச்சைக்கு அது பசுமைநோயைக் கொண்டுசேர்க்கும். ஃபுளோரிடாவில் 1998இல் இந்தப் பூச்சியும் 2005இல் நோயும் கண்டறியப்பட்டு ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தன. இன்றும் அமெரிக்காவில் கறிவேப்பிலைச் செடியை நினைத்தபடி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக முடியாது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒரு கன்றுக்குப் படும் பாட்டை அறிந்தவர்கள் இதன் பொருளை உணர்வார்கள்.

எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் நாலு அடி தள்ளி நடுவதால் பயனில்லை, பூச்சி பறக்கும். மழை பெய்து ஏழெட்டு நாளில், தளிர் விரல்நுனி நீளம் இருக்கும்போது, ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே மஞ்சள் நிறக் குஞ்சுகளும் அவற்றின் பின்னால் வெள்ளை மெழுகு இழைகளும் தெரிந்தால், அந்தத் தளிரைக் கிள்ளிச் சவர்க்கார நீரில் அமிழ்த்த வேண்டும். எலுமிச்சை இலை மஞ்சளானால் நடுநரம்போடு மடித்துப் பார்க்கலாம். இரு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி அமைந்திருந்தால் அது சத்துக்குறைவு; டோலோமைட்டும் எருவும் அதைத் தீர்க்கும். ஒரு பாதியின் திட்டு மறு பாதியோடு பொருந்தாமல் தாறுமாறாக இருந்து, காயும் கோணலாகச் சிறுத்தால், அது பசுமைநோய்; அந்த மரத்தை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அக்காவின் எலுமிச்சையில் ஏப்ரல் மழைக்குப் பின் பதினோரு இலைகளை மடித்துப் பார்த்தோம். பதினொன்றிலும் இரு பாதியும் ஒத்திருந்தன.